நல்ல கோப்பிக்கடை எங்கே?

போன மாதம் கனடாவிலிருந்து வந்த மருமகன், "மாமா, லண்டனிலை நல்ல கோப்பிக்கடை எது?" என்று கேட்டான். அவன் கேட்டது ருசியை. நான் கூட்டிக்கொண்டு போனது கோர்ன்ஹில் வீதியோடு ஒட்டிய, சென் மைக்கேல்ஸ் அலி என்கிற ஒடுங்கிய ஒழுங்கைக்கு.

அங்கே கோப்பிக்கடை இல்லை. ஜமேக்கா வைன் ஹவுஸ் என்ற மதுக்கடைதான் இருக்கிறது. "குடிக்கவோ கூட்டியந்தனீங்கள்?" என்று சிரித்தான். சுவரில் இருந்த பலகையை வாசிக்கச் சொன்னேன். லண்டனின் முதலாவது கோப்பிக்கடை 1652இல் அந்த இடத்தில்தான் இருந்தது.

அதை நடத்தியவர் பஸ்குவா ரோசே, ஒரு வந்தேறி. ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மீர்) வியாபாரம் செய்த டானியல் எட்வேர்ட்ஸ் அவரை வேலையாளாக இங்கே கூட்டி வந்தார். கடையில் கூட்டம் சேர்ந்ததும் சுற்றியிருந்த பியர்க்கடைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. "இவன் நகர உரிமை பெற்றவன் இல்லை, இங்கே வியாபாரம் செய்யக்கூடாது" என்று நகர மேயரிடம் முறையிட்டார்கள். கடைசியில் அந்த உரிமை இருந்த பௌமன் என்ற குதிரைவண்டிக்காரரைப் பங்காளியாகச் சேர்த்துத்தான் கடை தப்பியது. இன்று அந்த இடத்தில் இருப்பது மதுக்கடை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எனக்கு அந்தக் கதை வெறும் சரித்திரம் இல்லை. நான் இங்கு வந்த முதல் மாதங்களில் வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. கையில் தொழில் இருந்தது, கடதாசி இல்லை. ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, குளிருக்கு ஒதுங்கி மணிக்கணக்காக இருந்திருக்கிறேன்.

ரோசேக்குப் பிறகு கோப்பிக்கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் கோப்பியும் கிடைக்கும், பத்திரிகையும் வாசிக்கலாம், ஊர்க்கதையும் கேட்கலாம். பொய்ச்செய்தி பரப்புகிறார்கள் என்று இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1675 டிசம்பரில் இவற்றை மூடச் சொன்னார். எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே பின்வாங்கினார். எட்வேர்ட் லொயிட்டின் கடையிலிருந்து லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை வளர்ந்தது. ஜொனதன்ஸ் கடையில் பங்குச்சந்தைக்கு அத்திவாரம் விழுந்தது.

இதிலே எங்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 1830களிலிருந்து ஆங்கிலேயர் மலையகக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அந்தச் சனத்தின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு 1948இல் குடியுரிமையே இல்லாமல் போனது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைப் பற்றி எவ்வளவு கதைத்தோம்? பெரிதாக இல்லை.

இன்றைக்கும் இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களில் அநேகம் பேருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அவர்களுக்கு ஒரு பௌமன் கிடைப்பதும் இல்லை.

மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அது சரி மாமா, இப்ப கோப்பி எங்க குடிக்கிறது?" என்றான். வீட்டுக்குக் கூட்டி வந்து, மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடித்த அக்காவின் கோப்பித்தூளில் ஊற்றிக் கொடுத்தேன். லண்டனில் எனக்குத் தெரிந்த நல்ல கோப்பி அதுதான்.