அங்கீகாரம்

திருவாடானைப் பக்கம் போர் போட்டதும், முதலில் வரும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நாக்கு உப்பைச் சொல்லிவிடும். நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆய்வகம் சொல்வதை எதை வைத்து நம்புவது? அங்கேதான் 'அங்கீகாரம்' வருகிறது.

வடமொழிச் சொல். அங்கம் என்றால் உறுப்பு. ஒன்றைத் தன் உறுப்பாக ஆக்கிக்கொள்வது அங்கீகாரம். அதிலிருந்து 'ஏற்றுக்கொள்ளுதல்' என்ற பொருள் வந்தது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 12ஆம் பிரிவில், மத்திய அரசு ஆய்வகங்களை நிறுவலாம், அல்லது ஏற்கெனவே இருப்பவற்றை அங்கீகரிக்கலாம் என்கிறது. வேறொருவர் அளந்த எண்ணை அரசு தன் எண்ணாக ஏற்கிறது. வேர்ப்பொருள் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

அரசின் இந்த அங்கீகாரம் தவிர, ஆய்வகங்களின் திறனைச் சோதித்து ஏற்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்., ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி, சோதனை வாரியாகவே அங்கீகாரம் தருகிறது. குளோரைடுக்குப் பெற்றது ஈயத்துக்குச் செல்லாது.

ஆய்வகத்துக்குத் தண்ணீர் எடுத்துச் செல்லும் பாட்டிலிலும் கவனம் வேண்டும். உப்புச் சோதனைக்கு அதே தண்ணீரில் அலசி நிரப்பலாம்; கிருமிச் சோதனைக்குத் தரும் பாட்டிலை அலசவே கூடாது.

அடுத்த முறை தண்ணீர் கொடுக்கும்போது, உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.