சோஜிலாவில் தம்பிகள் போட்ட சாலை

ஆவடிப் பக்கத்தில் டேங்க் என்று சொன்னால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி யாருக்கும் நினைவுக்கு வராது. டேங்க் ஃபேக்டரிதான் வரும். விஜயந்தாவில் தொடங்கி அஜேயா, பீஷ்மா வரை நம் ஊரிலிருந்து வெளியே போன டாங்கிகள் எத்தனையோ. அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே நிறையப் பேர் உண்டு. நாற்பது டிகிரி வெயிலில் இங்கே உருவான வண்டிகளில் பல கடைசியில் போய் நின்றது லடாக் பனியில் என்பது ஒரு வேடிக்கை.

கனடாவிலோ அமெரிக்காவிலோ பிள்ளை வீட்டுக்குப் போய் டிசம்பரில் அங்கே மாட்டிக்கொண்ட நண்பர்கள், பனியில் கார் வழுக்கிய கதையைச் சொல்வார்கள். கேட்பவர்களும் ஏதோ வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் என்று கேட்டுக்கொள்வோம். ஆனால் இந்திய ராணுவம் இதுவரை சந்தித்த மிக மோசமான பனிச்சாலைகளில் ஒன்றை அமைத்தவர்கள் மதராஸ் சாப்பர்கள், அதிகம் தமிழ் பேசிய படை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சோஜிலா என்பது காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் இணைக்கும் கணவாய். உயரம் சுமார் 11,500 அடி. ஸ்ரீநகரிலிருந்து லே போக அந்தக் காலத்தில் இருந்த முக்கிய வழி அதுதான். அதுவும் சாலை இல்லை, கோவேறு கழுதைகள் போகும் தடம். 1948 மே, ஜூன் மாதங்களில் கார்கில், திராஸ் பகுதி எதிரி கையில் போனது. அடுத்து கணவாயும் போனது. லே நகரம் துண்டிக்கப்பட்டது. விமானத்தில் கொண்டுபோய் இறக்கிய சிறு படையை வைத்துத்தான் அதைக் காப்பாற்றி வந்தார்கள். குளிர்காலத்துக்குள் கணவாயைத் திறக்காவிட்டால் அடுத்த கோடை வரை லே தாங்குமா என்பதே கேள்வி.

செப்டம்பரில் 77ஆவது பாராசூட் பிரிகேட் கணவாயைத் தாக்கியது. முடியவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே குகைகளில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள், நடுவில் திறந்த வெளி. காலாட்படை மட்டும் போனால் சாவுதான். அப்போதுதான் ஜெனரல் திம்மய்யா தலைமையில் ஒரு யோசனை உருவானது. டாங்கிகளை மேலே ஏற்றிவிட்டால் என்ன?

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அவ்வளவு உயரத்தில் அதுவரை எந்த நாட்டுப் படையும் டாங்கியைச் சண்டைக்குக் கொண்டுபோனதில்லை. கையில் இருந்தது ஸ்டூவர்ட் என்னும் இலகு டாங்கி. இலகு என்று பெயர்தான், ஒவ்வொன்றும் பதினைந்து டன். ஏழாவது லைட் கேவல்ரி என்ற படைப்பிரிவிடம் அவை இருந்தன. அந்தப் படைப்பிரிவே 1784இல் பழைய மதராஸ் குதிரைப்படையின் பகுதியாகப் பிறந்ததுதான் என்பது கொசுறுச் செய்தி. ஜம்மு பக்கத்திலிருந்து அவற்றை ரகசியமாகக் கொண்டுவர வேண்டும். பீரங்கிக் கூண்டுகளைத் தனியாகக் கழற்றி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, வழியில் இருந்த பலவீனமான பாலங்களை ஒவ்வொன்றாகப் பலப்படுத்தி, பானிஹால் கணவாயைத் தாண்டி ஸ்ரீநகருக்கும் அங்கிருந்து பால்டாலுக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்போது ஜவஹர் சுரங்கப்பாதை கிடையாது, அது 1956இல்தான் திறந்தது.

பால்டால் வரை சரி. அதற்கு மேல் சாலையே இல்லையே.

அந்த வேலை மதராஸ் சாப்பர்களிடம் வந்தது. மேஜர் தங்கராஜு தலைமையில் அவர்களுடைய கம்பெனிகள் அந்தக் கழுதைத் தடத்தை வண்டி போகும் பாதையாக மாற்றின. ராணுவத்தில் இவர்களுக்கு இன்றும் ‘தம்பி’ என்றுதான் பெயர். பெங்களூர் அல்சூரில் தலைமையகம் இருந்தாலும் பிறந்தது மதராஸ் ராஜதானியில், 1780இல். தம்பிகளில் பெரும்பாலோர் தென்னிந்தியக் கிராமத்துப் பையன்கள். பனியைச் சினிமாவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு, மேலே உட்கார்ந்திருந்த எதிரியின் பார்வையில், இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏறும் பாதையைப் பாறையில் வெட்டினார்கள். போதுமான குளிர் உடுப்பு படைகளுக்கே கிடைக்காத காலம் அது. உறைபனியில் கைகால் விரல்களை இழந்தவர்கள் அந்தப் போரில் நிறைய.

சண்டையைப் பற்றி எழுதியவர்கள் டாங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள், பாதையைப் பற்றி ஒரு வரி. எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. பனிச்சாலையில் வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால்தான் அந்தப் பாதையின் அருமை புரியும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். காய்ந்த தார் ரோட்டில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக்கை அழுத்தினால் சுமார் 9 அல்லது 10 மீட்டரில் நிற்கும். அதே வண்டி பனிக்கட்டி மேல் நிற்க 60 மீட்டருக்கு மேல் வேண்டும். டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதுதான் காரணம். இது சமதளத்தில். பத்தடிக்கு ஓரடி இறங்கும் மலைச்சரிவில் பனிக்கட்டி இருந்தால் கணக்கே வேறு. அங்கே பிரேக் போட்டாலும் வண்டி நிற்கவே நிற்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்கிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் எண்ணெய் கொட்டிய இடத்தில் டூவீலர் சறுக்குமே, அதை மலைச்சரிவில் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கடும் குளிரில் இறுகிப்போன பனிக்கட்டியைவிட, லேசாக உருகி மேலே ஈரம் படிந்த பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். பகல் வெயிலில் மலையோரப் பனி உருகிச் சாலையில் வழியும். மாலையில் வெயில் போனதும் அது கண்ணாடி போல உறையும். பார்த்தால் நனைந்த தார் ரோடு மாதிரியே இருக்கும். நிழல் விழும் வளைவிலும் பாலத்தின் மேலும் இது முதலில் வரும். பாலத்துக்குக் கீழேயும் காற்று ஓடுவதால் அது சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது.

டாங்கிக்கு டயர் இல்லை, இரும்புச் சங்கிலிதானே, அது நன்றாகப் பிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. மென்மையான பனியில் பிடிக்கும். இறுகிய பனிக்கட்டியில் பதினைந்து டன்னும் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பில் தடுப்பு எதுவும் இல்லை, கீழே பள்ளத்தாக்கு. ஆகவே பாதையின் அகலம், சாய்வு, வளைவு எல்லாவற்றையும் தம்பிகள் அந்த எடையை மனதில் வைத்து அமைக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் கடைசியில் தாக்குவதாக இருந்தது, பனிப்பொழிவால் தள்ளிப்போனது. 1948 நவம்பர் 1ஆம் தேதி பனி கொட்டிக்கொண்டிருந்தபோதே டாங்கிகள் ஏறின. படைப்பிரிவின் தளபதி ராஜிந்தர் சிங், ‘ஸ்பாரோ’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சர்தார், முன்னால் போனார். அந்த உயரத்தில் டாங்கியை எதிரி கனவிலும் எதிர்பார்க்கவில்லை. குகைகளுக்குள் குண்டு பாய்ந்ததும் நிலைகளை விட்டு ஓடினார்கள். அன்று மாலைக்குள் கணவாய் நம் கையில். அதற்கப்புறமும் குளிரோடு போராடித்தான் முன்னேறினார்கள். நவம்பர் நடுவில் திராஸ், 24ஆம் தேதி வாக்கில் கார்கில். லேவுக்கு வழி திறந்தது. 1949 ஜனவரி 1ஆம் தேதி போர்நிறுத்தம் வந்தது.

குளிரைக் கணக்கில் எடுக்காத படையின் கதையும் அதே லடாக் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங் 1841இல் திபெத்துக்குள் வெகுதூரம் போய்விட்டார். குளிர்காலம் வந்தது, திரும்பும் வழி அடைந்தது. வீரர்கள் துப்பாக்கிக் கட்டையை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். டிசம்பரில் அவர் களத்தில் விழுந்தார். சண்டையில் இறந்தவர்களைவிடக் குளிரில் முடங்கியவர்களே அதிகம் என்பார்கள்.

1962இல் சீனப் போர் வந்தபோது சுஷூல் பகுதிக்கு டாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. இந்த முறை சாலையை நம்பவில்லை. ஏஎம்எக்ஸ் 13 என்ற பிரெஞ்சு இலகு டாங்கிகளை அன்டோனோவ் விமானத்தில் ஏற்றி இறக்கினார்கள். அதற்கு மூன்று வருடம் கழித்து, 1965இல், நம் ஆவடியில் முதல் விஜயந்தா வெளிவந்தது.

ராணுவ ஏஎஸ்சி பிரிவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். சோஜிலாவைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவார். அவர் சொன்னதில் முதல் பாடம், பனியில் வண்டியை நிறுத்துவது பிரேக் இல்லை, கியர். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். கிளட்சை மிதித்து வண்டியை உருட்டவே கூடாது. ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்கக் கூடாது. பின்பக்கம் வலப்புறம் போனால் ஸ்டியரிங்கும் வலப்புறம்தான் திரும்ப வேண்டும், பயத்தில் கை எதிர்ப்பக்கம்தான் போகுமாம். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவதை, வழுக்க ஆரம்பித்த பிறகு அல்ல, அடிவாரத்திலேயே செய்துவிட வேண்டும். முன்னால் போகும் வண்டி வளைவைத் தாண்டும் வரை பின்னால் வருபவன் காத்திருக்க வேண்டும்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட மாட்டார்களாம். போட்டால் காலையில் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுப்பார்கள். அவர் இன்றும் தன் ஸ்கூட்டருக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துகிறார், பழக்கதோஷம்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. பனியில் சிக்கி நிற்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் கதகதப்பில் தூங்கக் கூடாது. புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை இல்லை, இருமல் இல்லை. தூக்கத்திலேயே முடிந்துவிடும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மட்டுமாவது போனில் சொல்லிவையுங்கள். குழாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும்.

டீசல் இன்னொரு தலைவலி. கடும் குளிரில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். வண்டிக்காரர்கள் மண்ணெண்ணெய் கலப்பார்கள், டீசல் டேங்க்குக்குக் கீழே நெருப்பு மூட்டிச் சூடாக்கவும் துணிவார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்குக் கொண்டுவந்தது. நம் ஆவடி டி-72 டாங்கியில் இந்தப் பிரச்சினைக்கு வடிவமைப்பிலேயே விடை உண்டு. கிளப்புவதற்கு முன் எஞ்சினைச் சூடேற்றும் சாதனம் ஒன்று, பேட்டரி குளிரில் சோர்ந்துபோனால் அழுத்தக் காற்றைக் கொண்டு கிளப்பும் ஏற்பாடு ஒன்று. ஃபேக்டரிக்காரர்களுக்கு இது பழைய பாடம்.

நம் பக்கத்தில் பனிக்கட்டி இல்லை. நமக்குக் குளிர்காலச் சாலை ஆபத்து என்றால் போகி அன்று விடியற்காலையில் மூடுபனியோடு சேரும் டயர்ப் புகைதான். பூந்தமல்லி பைபாஸில் முன்னால் நிற்கும் லாரி தெரியாது. ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில் மெதுவாகப் போவதைவிட, ஏழு ஏழரை வரை வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஆவடிக்கும் அந்தக் கணவாய் நாட்டுக்கும் உள்ள உறவு இன்னும் முடியவில்லை. நம் சிவிஆர்டிஇ, எல் அண்ட் டியோடு சேர்ந்து 25 டன்னில் ஒரு இலகு டாங்கியை உருவாக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் வைத்து அதைச் சுட்டுப் பார்த்தார்கள். அதன் பெயர் ஜோராவர். திபெத்தில் களத்தில் விழுந்த அதே தளபதியின் பெயர்.

சோஜிலா சாலையை இப்போது பராமரிப்பது எல்லைச் சாலைகள் அமைப்பு. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஐந்தாறு மாதம் மூடிக் கிடக்கும். 2025இல் 32 நாளில் பனியை வெட்டித் திறந்துவிட்டார்கள். கணவாய்க்கு அடியில் 13 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதை வேலை நடக்கிறது. அது முடிந்தால் பனிக்காலத்திலும் லாரிகள் மேலே ஏற வேண்டியதில்லை.

இதைப் படிப்பவர்களில் அமர்நாத் யாத்திரை போய் வந்தவர்கள் இருப்பீர்கள். பால்டால் முகாமில் கூடாரம் போட்டுத் தங்கியிருப்பீர்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலையில் வளைந்து வளைந்து ஏறும் சாலை தெரியும், எறும்பு வரிசை மாதிரி லாரிகள் போகும். 1948 இலையுதிர்காலத்தில் தம்பிகள் கடப்பாரை பிடித்து வேலை பார்த்தது அந்த மலைச்சரிவில்தான்.