தேய்மானக் கணக்கு

ஓடும் வண்டியை பிரேக் நிறுத்துவது உராய்வினால்தான். வேகம் சூடாக மாறுகிறது, பிரேக் லைனிங் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்த தூள் எங்கே போகிறது?

1897-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் குதிரை வண்டிகளுக்கு பிரேக் கட்டை செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் ஃபெரோடோ நிறுவனம். முதலில் பருத்தியை வைத்துச் செய்தார். மோட்டார் கார்கள் வந்ததும் அந்தச் சூட்டைப் பருத்தி தாங்கவில்லை, கருகியது. எனவே 1908-ல் ஆஸ்பெஸ்டாஸுக்கு, அதாவது கல்நாருக்கு மாறினார். கல்தான், ஆனால் பஞ்சு போல நூற்கலாம், துணியாக நெய்யலாம். தீப்பிடிக்காது. மலைச்சரிவிலும் பிரேக் பிடித்தது. எத்தனையோ உயிர்கள் தப்பின!

ஆனால் அதை நூற்றவர்கள்? ராச்டேல் நகர ஆலையில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-ல் இறந்தார். வயது 33. நுரையீரல் முழுக்கக் கல்நார்த் துகள்கள். அவர் கேட்ட இழப்பீட்டை நிர்வாகம் தரவில்லை. 1927-ல் அந்த நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1931-ல் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பட்டறையில் பிரேக் டிரம்மைக் கழற்றித் தூசி தட்டிய மெக்கானிக்கை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டன் கல்நாரை முழுமையாகத் தடை செய்தது 1999-ல்தான்.

நோய்க்குப் பெயர் வைத்த பிறகும் 72 வருடங்கள்! பிரேக் லைனிங் தேய்ந்தால் அதைச் செலவாகக் கணக்கில் எழுதிவிடலாம். நூற்றவர்களின் நுரையீரல் தேய்ந்ததை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.