அந்தப் பட்டியலில் முக்தாபாய் எங்கே?

ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் படிக்கச் சொல்லும் நூல்களில் 'பகல் கனவு', 'டோட்டோ-சான்' இரண்டும் பெரும்பாலும் இருக்கும். அவற்றோடு கைமாறும் இன்னொரு நூல் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?'. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி, 1967இல் வெளிவந்தது. அரசுப் பள்ளிகள் பெயிலாக்கி வெளியேற்றுவது பெரும்பாலும் விவசாயிகள், தொழிலாளர்களின் பிள்ளைகளையே என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதற்கு 112 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் ஒரு மாணவி எழுதிவிட்டார். புனேயில் புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய், தீண்டாமைக்கு உள்ளான மாங் சாதிச் சிறுமி. மாங், மகர் மக்களின் துயரம் பற்றிய அவரது கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளியானது. வேதம் பிராமணருக்கு மட்டுமே உரியது என்றால் எங்களுக்கு மத நூலே இல்லை என்றுதானே அர்த்தம் என்று வாதிட்டார். பேஷ்வா ஆட்சியில் தம் மக்கள் பட்ட கொடுமைகளைப் பதிவு செய்தார். அவர்களைப் படிக்க வரும்படி அழைத்தார்.

பார்பியானா மாணவர்கள் வர்க்கத்தைப் பேசினார்கள். முக்தாபாய் சாதியைப் பேசினார். நம் வகுப்பறையைப் புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் தோழர்களே, முக்தாபாய் எழுதியது சில பக்கங்கள்தான். அடுத்த முறை யாராவது புத்தகப் பட்டியல் கேட்டால் அதை முதலில் சொல்லுங்கள்.