நோய்ப்படுக்கையும் திருவைந்தெழுத்தும்

தொண்டைநாட்டுச் செவ்வாப்பேட்டைக்குக் கிழக்கே திருநின்றவூரும் மேற்கே திருவாலங்காடும் உள்ளன. முன்னையது, கோயிலெடுக்கப் பொருளின்றி உள்ளத்தே ஆலயங் கண்ட பூசலார் நாயனாரது ஊர். பின்னையது, சுடுகாட்டை அஞ்சாது ஆண்டு ஆடும் இறைவனையே பாடியிருந்த காரைக்காலம்மையாரது இடம். எழுந்து நடக்கமாட்டாது கிடப்பார்க்கு அகப்பூசையும், இறுதியை நோக்கியிருப்பார்க்கு அச்சமின்மையும் இவ்விரு பதிகளால் அறியப்படும். ஆயின், கிடப்பாரை அணுகி அவற்றை எடுத்துக்கொடுப்பார் யாவர்? இதற்கு விடை நடுநாட்டுத் திருவதிகையில் உளது.

திருநாவுக்கரசர் வரலாற்றைச் சூலை தீர்ந்த அற்புதமாகவே பலரும் படிப்பர். பிணியாளரையும் துயருற்றாரையும் பேணிய வரலாறாகப் படிப்பார் சிலரே. 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அதனைத் தொடங்குமிடத்தை நோக்குக. திருவாமூரில் தந்தையார் புகழனார் மறைந்தார். தாயார் மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டனர் என்னுஞ் செய்தியும் வந்தது. திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். இளையராகிய மருணீக்கியார் அவரடியில் வீழ்ந்து, பெற்றோர்க்குப்பின் அவரைக் கண்டே தாம் உயிர் தாங்கியிருத்தலைச் சொல்லி, அவர் ஏகின் தாம் முன்னே ஏகுவதாக அழுதார். அம்மையார் தம்பியின்பொருட்டு உயிர் தாங்கினார். ஈண்டுத் தத்துவம் உரைத்தார் ஒருவருமிலர் என்பது குறிக்கொள்ளத்தக்கது.

பின்னர்ச் சமண்சார்ந்து தருமசேனராய் வாழ்ந்த தம்பியார் சூலையால் துடித்து ஆள்விடுத்தபோது, அம்மையார் சமணர் பள்ளிக்கு வாரேன் என்றது உண்மையே. அதனைக் கடுமையென்பாரும் உளர். ஆயினும், அவர் இரவில் தாமே வந்து அடிவீழ்ந்தபோது, பிரிந்து சென்றமை பற்றி ஒரு வசைச்சொல்லும் எழவில்லை. இறைவன் திருவருளென்றே கூறி எழுப்பி, ஐந்தெழுத்தோதித் திருநீறளித்து, விடியுமுன் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார்.

சூலை தீர்ந்தது, எல்லார் பிணியும் அவ்வாறு தீர்வதில்லை. தீராதார்க்கும் சைவர் வழி வகுத்திருந்தனர். காசியில் இறப்பார் செவியில் இறைவன் தாரக மந்திரம் ஓதுவன் என்பர். திருமுதுகுன்றத்தில் இறப்பாரை அம்மை தன் மடியிற் கிடத்தி முன்றானையால் விசிற, இறைவன் உபதேசிப்பன் என்பது புராண வழக்கு. விசிறுதல் உடற்கு, உபதேசம் உயிர்க்கு. அத்தலங்களுக்குச் செல்லமாட்டாதார் இல்லங்களில் மக்களே இவ்விரண்டையுஞ் செய்தனர். வாயில் நீர்வார்த்து, நெற்றியில் நீறிட்டு, செவியில் ஐந்தெழுத்தோதித் திருமுறை பாடினர்.

மருத்துவமனைகள் பெருகியபின் உயிர்பிரியும் அறைக்கு வெளியே சுற்றத்தார் நிற்பது வழக்கமாயிற்று. இக்குறையை மேனாட்டிலே உணர்ந்து செயற்பட்டவருள் முதன்மையானவர், செவிலியாயிருந்து மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1967-இல் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தைத் தொடங்கினார். உடல்வலி, மனத்துயர், குடும்பக் கவலை, உயிர்பற்றிய ஏக்கம் யாவும் கூடியதே நோயாளியின் முழுவலி என்பது அவர் கொள்கை. பம்பாயில் 1986-இல் சாந்தி அவேதனா இல்லமும், கோழிக்கோட்டில் 1993-இல் நோவுதணிப்பு மருத்துவகமும் தோன்றின. கோழிக்கோட்டுப் பணி தொண்டர்களால் வீடுதோறும் பரவியது.

செவ்வாப்பேட்டையை அடுத்த திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. இத்தகைய இடங்களுக்குச் செல்லுஞ் சைவர் முதற்கண் நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிதல் வேண்டும். வலி மிக்கார்க்கு மருந்தே முன்னது. துடிக்குஞ் செவியிற் பதிகம் ஏறாது. நோய் நீங்குமென உறுதி கூறுதலும், வினைப்பயனென இடித்துரைத்தலும் கொடுமை. பாடுவார் ஓதுவாராயிருத்தல் வேண்டுமென்பதில்லை; மகளுக்குச் சிவபுராணம் தெரியுமாயின் அவளே பாடுக, அவள் குரலே அவருக்குப் பழகியது. கருமாதி முடிந்தபின் அவ்வீட்டுப் படியேறுவார் குறைவாதலின், திருமுறைக் கழகத்தார் அந்நாட்களிலும் ஒருமுறை சென்று இருந்து வருவாராக.