பரஸ்பர உதவிச் சங்கங்களில் கிளைகளின் ஆட்சி
– அக்கராயனை முன்னிறுத்தி ஒரு நோக்கு –

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன் குளத்தையும் அதன் கீழமைந்த வயல்நிலங்களையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த விவசாயப் பகுதி அக்கராயனாகும். வன்னிப் பெருநிலப்பரப்பின் குடியேற்றக் கிராமங்கள் பலவற்றைப் போலவே இங்கும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் அயலவராயின. பழைய ஊர் ஒன்றிலே சாவு நிகழுமாயின் பந்தலிடுபவர் யார், பாடை கட்டுபவர் யார், செலவுக்குக் கைகொடுப்பவர் யார் என்ற வினாக்கள் எழுவதில்லை. உறவுமுறையும் சாதியடிப்படையிலான குடிமை முறையும் அவற்றுக்கு முன்னரே விடையளித்திருந்தன. குடியேறிய ஊரிலோ அவ்விடையைப் புதிதாகக் காணவேண்டியிருந்தது. மரண சகாயச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு முதலியன வன்னிக் கிராமங்களிலே பெற்ற முக்கியத்துவத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய சங்கங்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் சேவைகளையே பட்டியலிடுவர். அவற்றை ஆள்பவர் யார் என்ற வினா போதிய கவனத்தைப் பெறுவதில்லை. அங்கத்தவரை நேரில் அறிந்த ஊர்க்கிளையா, நிதியைத் திரட்டி வைத்திருக்கும் தலைமைச் சபையா என்ற இந்த அதிகாரப் போட்டியே பரஸ்பர உதவி இயக்கங்களின் வரலாற்றை நிர்ணயித்து வந்துள்ளது எனலாம். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலம்பெயர்ந்தோரும் சங்கமும்

இவ்வினாவைத் தெளிவாக நோக்குதற்கு, அக்கராயனுக்கு மிகத் தொலைவிலுள்ள ஓர் உதாரணம் துணைபுரியும். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரி நாட்டிலிருந்து பெருந்தொகையானோர் சென்றனர். மொழியறியாத நாட்டிலே சுரங்க விபத்தில் ஒருவர் இறந்தால் உடலை அடக்கஞ் செய்தற்கோ, குடும்பத்தைத் தாங்குதற்கோ எவரும் இருக்கவில்லை. சுரங்க முதலாளிகளைக் கட்டுப்படுத்தும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அம்மாநிலத்தில் 1915ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1886ஆம் ஆண்டில், ஹேசில்டன் என்னும் சுரங்க நகரில் 13 ஹங்கேரியத் தொழிலாளர் ஒன்றுகூடி உதவிச் சங்கமொன்றை நிறுவினர். தாயகத்து அரசியல்வாதியான ஜூலா வெர்ஹொவாய் என்பவரின் பெயரை அச்சங்கம் தாங்கியது. அந்நகருக்கு அண்மையிலுள்ள லட்டிமர் சுரங்கத்தில் 1897ஆம் ஆண்டு ஊர்வலஞ் சென்ற குடியேற்றத் தொழிலாளர் 19 பேர் சுட்டுக் கொல்லப்பட்டமை, அவர்கள் வாழ்ந்த சூழலைக் காட்டப் போதுமானதாகும்.

சிறு குழுவாகத் தொடங்கிய வெர்ஹொவாய் சங்கம் ஏனைய தொழில் நகரங்களிலும் கிளைகளைப் பெற்றது. கிளை தன் அலுவலரைத் தானே தெரிவுசெய்தது. கூட்டம் கூடிச் சந்தா அறவிட்டது. பொதுமாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பியது. இத்தகைய சங்கங்களுக்குக் கிளைமுறையும் பிரதிநிதித்துவ ஆட்சிமுறையும் இருத்தல் வேண்டும் என அமெரிக்க மாநிலச் சட்டங்களும் விதித்தன. சாதாரண காப்புறுதிக் கம்பனியிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டிய இலக்கணம் இதுவேயாகும். கம்பனியிடம் ஒருவர் பொருள் வாங்குபவர் மட்டுமே. சங்கத்திலோ அவர் காப்புறுதி பெறுபவராகவும் அதனை ஆள்பவராகவும் விளங்குகிறார்.

தமிழர் வரலாற்றிலும் இதனையொத்த முயற்சிகள் உள. உத்தியோகத்தின் பொருட்டு மலாயா சென்ற யாழ்ப்பாணத்தவர் கோலாலம்பூரில் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்ததும், ஆலயங்களையும் சமூகச் சங்கங்களையும் தோற்றுவித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கன. வன்னிக்குச் சென்றவர் கடல் கடக்கவில்லை எனினும், உறவின் காவலை விட்டு நீங்கியவர் என்ற வகையில் அவர்கள் நிலையும் ஒப்புமை உடையதே.

கிளையின் வலிமை

காப்புறுதி எதுவாயினும் அதனை அரிக்கும் நோய் ஒன்றுண்டு. நோயுறாதவன் நோயுற்றதாகக் கூறலாம். உழைக்கக் கூடியவன் இயலாமை காட்டலாம். கம்பனி இதனைத் தடுக்க வைத்தியரையும் விசாரணையாளரையும் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டியுள்ளது. ஊர்க்கிளைக்கு அச்செலவு இல்லை. நோயாளியைப் பார்க்கச் செல்லும் அங்கத்தவர் அயலவராதலின் உண்மை நிலை தானே தெரிந்துவிடும். அது மட்டுமன்று, உதவி காலந்தாழ்த்தாது சென்றடைகிறது. சாவு வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் கிடாரமும் அன்றைக்கே வேண்டும். மூன்று மாதங்களின் பின் வரும் காசோலை அத்தேவையை நிறைவேற்றாது.

இலங்கையின் கூட்டுறவு இயக்கமும் இதே அடிப்படையில்தான் தோன்றியது. 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உருவான கடனுதவிச் சங்கங்கள் ஜேர்மனியின் ரைபைசன் முறையைப் பின்பற்றின. ஊரவர் ஒருவரையொருவர் அறிவர். ஒருவர் கடனுக்கு மற்றவர் எல்லையற்ற பொறுப்பை ஏற்பர். ஆகவே கடன் கேட்பவரின் நாணயத்தை அளந்து கூறும் தகுதி ஊரவருக்கே உண்டு என்பது அம்முறையின் கருத்தாகும். சங்கத்தின் எல்லை ஓர் ஊரின் எல்லையைத் தாண்டாதிருந்தமைக்குக் காரணமும் அதுவே.

கிளையின் குறைபாடுகள்

எனினும் கிளையாட்சியைக் குறையற்றதெனப் போற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அதன் குறைபாடுகள் மூன்று.

முதலாவது, கணக்குப் பற்றியது. நூறு அங்கத்தவரைக் கொண்ட ஒரு சங்கத்தில் சாவு நிகழும்போதெல்லாம் ஆளுக்குப் பத்து ரூபா வீதம் அறவிட்டு ஆயிரம் ரூபா வழங்கப்படுவதாகக் கொள்க. அங்கத்தவர் இளைஞராயிருக்கும் வரை ஆண்டுக்கு ஒரு சாவே நிகழலாம்; சுமை தெரியாது. அதே அங்கத்தவர் முதுமையடையும்போது ஆண்டுக்கு நான்கு, ஐந்து சாவுகள் நிகழும். சுமை கூடுவதைக் காணும் இளைஞர் சேரமாட்டார். தொகை குறையக் குறைய உதவியும் குறையும். இறுதியில் நீண்டகாலம் கட்டியவரே ஏதுமின்றி நிற்பர். அமெரிக்காவின் சகோதரத்துவச் சங்கங்கள் பல இவ்விடரில் சிக்கின. வயதுக்கேற்ற கட்டணத்தையும் ஒதுக்கு நிதியையும் வற்புறுத்தும் மாதிரிச் சட்டமொன்று 1910ஆம் ஆண்டளவில் அங்கு வகுக்கப்பட்டமைக்கு இதுவே காரணமாகும். ஒதுக்கு நிதி என்ற சொல் நுழைந்தபொழுதே கணிப்பாளரும் தலைமைச் செயலகமும் உடன் நுழைந்தன.

இரண்டாவது, இடர் ஒருங்கே வருதல். ஒரே சுரங்கத்தில் வேலை செய்வோர் ஒரே வெடிப்பில் இறக்கலாம். ஒரே குளத்தை நம்பியோர் ஒரே வரட்சியில் நொடிக்கலாம். அயலவரே அங்கத்தவராதல் விசாரணைக்கு வாய்ப்பானது. இடரைப் பகிர்தற்கோ வாய்ப்பற்றது.

மூன்றாவது, ஊரின் ஏற்றத்தாழ்வுகள் சங்கத்துள்ளும் புகுதல். எழுத்தறிவும் ஓய்வும் உடைய சிலரே ஆண்டாண்டாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளை வகித்தலும், பெண்களும் நிலமற்ற கூலியாளரும் வாய்திறவாது அமர்ந்திருத்தலும் ஊர்ச்சங்கங்களில் காணக்கூடியனவே. அறிமுகம் நம்பிக்கையை மட்டுமன்றி அச்சத்தையும் வளர்க்க வல்லது.

தலைமையை நோக்கிய நகர்வு

இக்குறைபாடுகளுக்கு இலங்கை அரசு கண்ட தீர்வு, சங்கங்களைப் பெரிதாக்குதலாகும். 1957ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன அமைச்சராக இருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமமட்டத்தில் பரவலாக்கப்பட்டன. பின்னர் கனேடிய அறிஞர் லெயிட்லோவைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 1971ஆம் ஆண்டளவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறு சங்கங்கள் ஏறத்தாழ 370 பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. நேற்றுவரை தனித்தியங்கிய ஊர்ச்சங்கம் பெருஞ் சங்கமொன்றின் கிளையாயிற்று. அங்கத்தவர் கிளைக்குழுவையும் பொதுச்சபைப் பிரதிநிதிகளையும் தெரிவுசெய்யும் உரிமையைப் பெற்றனர். ஆனால் மூலதனமும் ஊழியர் நியமனமும் கொள்முதலும் தலைமைச் சங்கத்திடம் சென்றன. அதன் இயக்குநர் சபையில் அரசு நியமித்தோர் இடம்பெறவும் வழி ஏற்பட்டது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை மறுக்கத்தக்கதன்று. கிராமிய வங்கிகளும் களஞ்சியங்களும் சிறு சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் கிளைக்குழு கூடிப் பேசுதற்கு உரிய விடயங்கள் அருகின. பங்கீட்டுப் பொருள் எப்போது வரும் என வினவும் இடமாகக் கிளை மாறியபோது, அங்கத்தவர் வாடிக்கையாளராயினர். தீர்மானிக்க எதுவுமில்லாத கூட்டத்துக்கு எவரும் வருவதில்லை என்ற எளிய உண்மையை இவ்வனுபவம் உணர்த்துகிறது.

இதற்கு மாறான வழியைச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் காட்டின. இணைப்பிலிருந்து விலகி நின்ற இச்சிறு சங்கங்கள் 1978ஆம் ஆண்டு முதல் பி. ஏ. கிரிவந்தெனியவின் முயற்சியால் புத்துயிர் பெற்றன. சனச எனப்படும் அவ்வியக்கத்தில் ஊர்ச்சங்கம் தன் தனித்துவத்தை இழக்கவில்லை. மாவட்ட ஒன்றியமும் தேசிய சமாசமும் அதன்மேல் எழுப்பப்பட்டன. இவ்வியக்கம் பின்னர் தனக்கெனக் காப்புறுதி நிறுவனமொன்றையும் உருவாக்கியது. முன்னையதில் தலைமை கிளையை ஆக்கியது. பின்னையதில் கிளைகள் தலைமையை ஆக்கின.

குளத்தின் கீழ் ஆட்சி

அக்கராயன் போன்ற குளநீர்க் கிராமங்களில் இப்பிரச்சினை மற்றுமொரு வடிவத்தில் வெளிப்படுகிறது. சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, எந்நாளில் வாய்க்கால் திறப்பது என்பன பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. மேற்போக்காக நோக்கின் இது நீர் நிருவாகமே. ஆழ்ந்து நோக்கின் இதுவும் ஒரு காப்புறுதியாகும். ஒருவர் முழுவதும் விதைத்து மற்றவர் முழுவதும் இழப்பதிலும், யாவரும் சிறிதளவு விதைத்து யாவரும் சிறிதளவு பெறுதல் நன்று என்ற உடன்பாடே அதன் அடிப்படை.

இவ்வாட்சியின் சட்ட வடிவம் பலமுறை மாறியுள்ளது. வட்டவிதானையின் இடத்தை 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டத்தின்கீழ்த் தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்கள் பெற்றன. 1970களில் நியமன முறை புகுந்தது. 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் தொடர்ந்தன. கமக்காரர் அமைப்புகள் இன்று இயங்குவது பின்னைய சட்டத்தின்கீழாகும். சட்டங்கள் மாறியபோதும் கமக்காரர் ஒன்றுகூடிப் பேசித் தீர்மானிக்கும் பழக்கம் மாறவில்லை. தெரிவு நியமனமாகும்போது அப்பழக்கம் தளர்வதும், உரிமை மீளும்போது அது தழைப்பதும் இயல்பே.

பேரிடரும் படிப்பினையும்

கிளையாட்சியின் வலிமையையும் வரம்பையும் அக்கராயன் மக்களின் அண்மைக்கால வரலாறு ஒருசேர உணர்த்துகிறது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் அக்கராயனை அடைந்தது. மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபின் செட்டிக்குளம் முகாம்களில் தங்கினர். 2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வன்னியின் மீள்குடியேற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. ஓர் ஊரின் எல்லா வீடுகளிலும் இழப்பு ஒருங்கே நிகழும்போது, அவ்வூரின் நிதி எவருக்கும் உதவமாட்டாது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். இத்தகைய நாளில் ஊருக்கு வெளியேயுள்ள பொதுநிதி இன்றியமையாததாகிறது. பதிவேடும் சந்தாப் புத்தகமும் அழியுமாயின் முப்பது ஆண்டுகள் கட்டியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் வேறுபாடின்றி நிற்பர் என்பதும் இங்கு கருதத்தக்கது.

ஆயினும் மீண்டு வந்தோர் முதலில் செய்ய வேண்டியிருந்தவை காடழித்தலும் கிணறு இறைத்தலும் கூட்டம் கூடுதலுமேயாம். எவர் திரும்பினர், எவர் திரும்பவில்லை, எந்த வீட்டில் உழைப்பாளர் இல்லை என்பதைத் தலைநகரின் எந்தச் செயலகமும் அயலவரைப் போல் அறியாது. பொருளை இழந்த சங்கத்தில் எஞ்சும் முதல், தலைவரைத் தெரிவுசெய்யவும் கணக்கு வாசிக்கவும் மறுப்புரைக்கவும் பழகிய மனிதரே.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். அங்கத்தவரைச் சேர்த்தல், உதவிக் கோரிக்கையை விசாரித்தல், உடனடிச் செலவை வழங்குதல், தன் அலுவலரைத் தெரிவுசெய்தல் ஆகிய நான்கும் கிளையின் உரிமையாக இருத்தல் வேண்டும். ஒதுக்கு நிதியைப் பேணலும் கணக்காய்வும் தலைமையின் கடமையாகும். அங்கத்துவப் பதிவேட்டின் ஒரு பிரதி கிளையிலும் மறுபிரதி வேறோரிடத்திலும் இருத்தல் இன்றியமையாதது. பதவிக் காலத்துக்கு எல்லை வகுத்தலும், பெண்களும் நிலமற்றோரும் நிர்வாக சபையில் இடம்பெறுதலும் கிளை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வழிகளாம்.

ஹேசில்டனில் பதின்மூவர் தொடங்கிய சங்கம் 1955ஆம் ஆண்டில் மற்றொரு ஹங்கேரியச் சங்கத்துடன் இணைந்து வில்லியம் பென் என்ற பெயரைப் பெற்றது. சுரங்கமும் மொழியும் தலைமுறையும் மாறியபின்னரும் அது நிலைத்தமைக்குத் தலைமையின் நிதி ஒரு காரணமாயின், கிளையின் கூட்டம் மற்றொரு காரணமாகும். வன்னியின் சங்கங்களும் இவ்விரண்டையும் வேண்டி நிற்கின்றன. நிதியை வெளியிலிருந்து பெறலாம். கூட்டத்தை ஊரவரே கூட்டல் வேண்டும்.