நெற்களமும் வருமான வரியும்

ஓர் அரசு தன் செலவுக்குரிய பொருளை எவரிடமிருந்து பெறுகின்றது என ஆராயின், அவ்வரசின் இயல்பு புலனாகும். கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வயல்நிலம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு தொடக்கமாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் விளைந்த நெல்லிற் பத்திலொரு பங்கு அரசிறையாதல் பொது வழக்கு. வரியைக் குத்தகைக்கு எடுத்தோர் களத்திலே பங்கைக் கணித்தனர். அவர் வரவை நோக்கி உழவர் காத்திருந்தனர். 1878ஆம் ஆண்டுச் சட்டம் இதனைப் பணவரியாக்க முற்பட்டது. எனினும் இடர் நீங்கவில்லை. மலைநாட்டு வலப்பனையில் வரிநிலுவைக்காகப் பலரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. அதனால் எழுந்த கண்டனங்களின் பின்னரே, தேசாதிபதி ஆதர் ஹவ்லொக் காலத்தில், 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

உழவன் இவ்வாறு இறுத்துவந்த காலத்தில், கோப்பி, தேயிலைத் தோட்டங்களாலும் வணிகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டியோரின் வருமானத்திற்கு வரி இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1799இலும் இந்தியாவில் 1860இலும் தோன்றிய வருமான வரி, இலங்கைக்கு 1932இலேயே வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்றுமதி குன்றிச் சுங்க வருவாய் வீழ்ந்தமை அதற்கு உடனடிக் காரணமாயிற்று. அறத்தை நோக்கியன்றி, முட்டுப்பாட்டினாலேயே அவ்வரி பிறந்தது எனலாம்.

பிறந்த பின்னும் அது அரசிறையின் முதன்மைத் தூணாகவில்லை. 2010இன் பின்வந்த பத்தாண்டில் வரி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறைமுக வரிகளாலேயே கிடைத்தது. 2019 இறுதியில் வருமான வரியும் பெறுமதிசேர் வரியும் பெரிதுங் குறைக்கப்படவே, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரி வருவாயின் பங்கு 2020இல் ஏறத்தாழ 8 வீதமாயிற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. 2023இல் மாதம் ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம் மீண்டும் வரிக்குட்பட்டது. 2024 சனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது.

வருமான வரி செலுத்துவோன் தான் கொடுத்த தொகையை அறிவான். அதன் கணக்கையும் கேட்பான். கடையிற் பொருள் வாங்கும் உழவனோ, விலையோடு கலந்த வரியைக் காண்பதில்லை. அன்று களத்தில் எடுக்கப்பட்ட பங்கு அவன் கண்முன்னே அளக்கப்பட்டது. அதனால் எதிர்ப்பும் எழுந்தது. இன்றைய பங்கு அளவைக்கு அகப்படாதது. அதனை அளந்தறியும் அறிவைக் குடிகளுக்கு ஊட்டுதல் கல்வியின் கடமைகளுள் ஒன்றாகும்.